கொசு மாதிரி

ஒற்றைச் சொல்லால் ஒரு குடும்பம் பிரியுமா? பிரியும். கூடமலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்குப் போய்ச் சுதாகரனைக் கேட்டுப் பாருங்கள். கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டான், அந்த அழுத்தக்காரன். அதனால்தான் இதை வேறு வாய் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராகலை டவுனிலிருந்து த்ரீவீலரில் மலையேறினால் கூடமலை வரும். அங்கே பழைய பெரியதொரை பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டது. பங்களாவுக்குக் கீழே, அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில், ஓடை. ஓடை ஒரு பெரிய பாறையில் மோதி, சுழன்று, ஆழமாகத் தேங்கி நிற்கிற இடத்தைக் கசம் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் அந்தக் கசத்தில் இன்னமும் இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், இருக்கிற சனம் அதைத் 'தொரை மீன்' என்று சொல்லும். தொரைமார் எல்லாம் எப்போதோ கப்பலேறிவிட்டார்கள், மீன் மட்டும் போக மனசில்லாமல் அங்கேயே கிடக்கிறது.

அந்த மீனைப் பிடிக்க வருகிற விருந்தாளிகளுக்குச் சுதாகரன்தான் வழிகாட்டி. மண்புழு மாட்டிப் பிடிக்கிற வேலையெல்லாம் கிடையாது. அது அவர்கள் சாஸ்திரத்துக்கு ஒத்துவராது. குட்டித் தூண்டில் முள்ளில் நூலைச் சுற்றி, அச்சு அசலாகப் பூச்சி மாதிரியே ஒன்றைக் கட்டி, நீளக் கோலால் வீசி, தண்ணீர் மேல் சத்தமில்லாமல் இறக்கவேண்டும். மீன் ஏமாந்து கவ்வினால், கையில் எடுத்து ஒரு போட்டோ, அப்புறம் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். "புடிச்சு உடுறதுக்கா இம்புட்டுப் பாடு? கொழம்பு வைக்காத மீனு என்னா மீனு!" என்று லயமே சிரிக்கும். சுதாகரனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்துவிட்டுப் போய் முள்ளைக் கட்டுவான்.

ஆனால் இந்த மாசியில் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பங்களாவில் அவன் பேர் பதிந்த ஆள் இல்லை. விருந்தாளி வந்தால் கூப்பிடுவார்கள், வராவிட்டால் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். அவன் பெண்டாட்டி லோஜினி கொழுந்து பறிக்கிறாள். தோட்டத்திலும் முன்போல வேலை கொடுப்பதில்லை. பார்த்தாள் லோஜினி. அட்டன் டவுனுக்குப் போய் ஏஜென்சியில் பேர் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். குவைத்தில் வீட்டு வேலை. மெடிக்கல் பாஸாகி விசாவும் வந்தாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏஜென்சியிலிருந்து போன் வரும். வருகிறேன், வரவில்லை என்று அப்போது ஒரே முடிவாகச் சொல்லவேண்டும்.

"ரெண்டு வருசந்தானே. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும்," என்பாள் லோஜினி. சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மகள் சுலக்ஷனா இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள், அம்மா தலைவாரி விடாவிட்டால் வாசலைத் தாண்ட மாட்டாள். போகிறவளுக்கும் போக இஷ்டமில்லை, அனுப்புகிறவனுக்கும் அனுப்ப இஷ்டமில்லை. இஷ்டத்தைக் கேட்டா காலம் நடக்கிறது?

இருந்த ஒரே நம்பிக்கை மார்ட்டின் என்ற வெள்ளைக்காரர். போன வருசம் வந்து கசத்தில் ஒரு மீனைப் பிடித்துக் குழந்தை மாதிரித் துள்ளினவர். இப்போது ஒரு சுற்றுலாக் கம்பனிக்கு மீன் பிடிக்கிற இடங்களைப் பார்த்துச் சொல்கிற ஆளாகிவிட்டார். இந்தத் தடவையும் மீன் மேலே வந்தால், சீசன் முழுக்கக் கம்பனி ஆள் அனுப்பும். பங்களா மனேஜர் இம்தியாஸ் நானா வாக்கே கொடுத்துவிட்டார். "அந்த மனுசன் ஓம் எண்டு சொல்லட்டும் சுதாகரன், அடுத்த நாளே ஒங்கட பேர நிரந்தரமாப் போடுறன்."

"பேரு விழுந்திருச்சுன்னு நீங்க வந்து சொல்லுங்க, அந்த நிமிசமே போன எடுத்து வரலன்னு சொல்லிர்றேன்," என்றாள் லோஜினி. ஆக, மீன் தலையைத் தூக்கினால் அவள் இருப்பாள். தூக்காவிட்டால் போவாள். கணக்கு அவ்வளவுதான்.

மீன் எப்போது தலையைத் தூக்கும்? அதற்கும் ஒரு விதி இருக்கிறது. மாசிக் குளிரில் அது கசத்துக்கு அடியில் கம்மென்று கிடக்கும். பெரிய பூச்சி, சின்னப் பூச்சி எதையும் சட்டை செய்யாது. கசத்தின் சேற்றிலும் பாசியிலும் வளர்ந்து மேலே வருகிற ஒரு பொடிப் பூச்சி இருக்கிறது, எள்ளு அளவுதான். மேலே வந்து, தண்ணீர்த் தோலில் உட்கார்ந்து, சிறகைக் காயவைத்துக்கொண்டு பறக்கும். அது வரும்போது மட்டும் மீனுக்கு ஆசை வரும். மெல்ல எழும்பி வந்து, உதட்டால் ஒரு உறிஞ்சு. அந்தக் கூட்டத்துக்கு நடுவே நம் முள்ளும் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும், திருவிழாக் கூட்டத்தில் பிக்பாக்கெட்காரன் நுழைகிற மாதிரி. கூட்டம் இருந்தால்தான் திருடனுக்குப் பிழைப்பு.

அந்தப் பூச்சிக்கு மார்ட்டின் சொன்ன பேர் மிட்ஜ். சுதாகரன் நாக்கில் அது 'மிச்சு' ஆனது. மிச்சு என்றால் என்ன என்று லோஜினி கேட்டபோது, "கொசு மாதிரி, ஆனா கடிக்காது," என்று சரியாகத்தான் சொன்னான். கொஞ்ச நாள் 'கொசு மாதிரி' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம், வேலை செய்கிறவன் வாய்க்கு நீளம் பிடிக்குமா? 'கொசு' என்று சுருக்கிவிட்டான். அந்த 'மாதிரி' எங்கே உதிர்ந்து விழுந்தது என்று ஒருத்தரும் கவனிக்கவில்லை. விழுந்தது அந்தச் சொல், எழுந்தது வினை.

மார்ட்டின் வருகிற வாரம், விடிந்தும் விடியாமலும் சுதாகரன் கசத்துக்குப் போனான். பனி விலகி முதல் வெயில் பாறை மேல் பட்டது. தண்ணீருக்கு மேல் புகை மாதிரி என்னவோ ஆடியது. குனிந்து பார்த்தான். மிச்சு! ஆயிரம், பத்தாயிரம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது பாறை நிழலில் ஒரு வளையம் விரிந்தது. அப்புறம் இன்னொன்று. மீன் எழும்புகிறது! அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேலே தேயிலை மலையில் பொம்பிளைகள் கொழுந்து பறிக்க இறங்கிக்கொண்டிருந்தார்கள். லோஜினியும் இருந்தாள். இவன் ஓடையிலிருந்து மேலே ஓடினான். பாதி வழியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டான்.

"லோஜி! கொசு வந்திருச்சு! கசம் முழுக்கக் கொசு! மொச்சு மொச்சுன்னு மொய்க்குது!"

அந்த மலை முழுக்கக் கேட்டது. லோஜினி வெட்கத்தில் கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "கொசுவுக்குப் போயி இந்த ஆட்டமா? ஒம் புருசனுக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்கு," என்றாள் பக்கத்தில் நின்ற வேலாயி.

அன்றைக்குச் சாயங்காலம் லயத்துக் காம்பரா அறையில் உட்கார்ந்து முள் கட்டினான். மார்ட்டின் போன வருசம் விட்டுப்போன குட்டி இடுக்கியில் முள்ளை மாட்டி, லோஜினியின் சீப்பில் சிக்கின முடியை எடுத்து உடம்பாகச் சுற்றுவான். கடையில் விற்கிற எந்த நூலும் அந்த முடிக்கு ஈடாகாது என்பது அவன் கட்சி. கறுப்பு, மெலிசு, வெளிச்சத்தில் ஒரு மினுக்கு. மார்ட்டினுக்கு அப்புறம் வந்த விருந்தாளிகள் மீன் பிடித்ததே அந்த முடி சுற்றின முள்ளில்தான்.

"ஏங்க, எம் முடியத் தின்னுட்டு மீனுக்கு வாந்திபேதி வந்திராதா?"

"ஒம் முடியப் பாத்து மயங்குனவன் நான் ஒருத்தந்தான்னு நெனச்சியா? மீனும் மயங்கும்."

"ஆமா, பெரிய இவரு." ரொட்டியைத் தட்டிக்கொண்டே அவள் யோசித்தாள். லோஜினி யோசிக்கிற பொம்பிளை. ஒன்றைக் கேட்டால் அதன் வால் வரைக்கும் போய்ப் பார்ப்பாள். "ஏங்க, கசத்துல நெசக் கொசுவே இம்புட்டு இருந்தா, மீனு அதத் தின்னே வயித்த நெரப்பிக்கிறுமே? ஒங்க பொய்க் கொசுவ எதுக்கு ஏறெடுத்துப் பாக்கப் போவுது?"

அந்த நேரம் பார்த்து அவன் பல்லிடுக்கில் முடியின் ஒரு நுனி. மறுநுனி விரலில். முடிச்சு நழுவப் பார்க்கிறது.

"ம்," என்றான்.

"அப்ப நெசக் கொசு இல்லாட்டி நல்லதுதானே?"

"ம்... ம்."

அட பாவி! பல்லில் இருந்த முடியைத் துப்பிவிட்டு, "இல்லடி, நெசம் இருந்தாத்தான் பொய் விலபோகும்," என்று ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன கேடு? சொல்லவில்லை. முடிச்சு நன்றாக விழுந்தது. அதைத் தூக்கி விளக்கில் காட்டி, "எப்புடி?" என்றான். "நெசக் கொசுவே தான்," என்றாள் அவள்.

அடுத்த நாள் லயத்தில் இதே பேச்சு. கீழ் டிவிசனில் போன மழைக்கு ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து கண்டி வரைக்கும் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அதிலிருந்து கொசு என்ற சொல்லைக் கேட்டாலே சனத்துக்கு மயிர் கூச்செறியும். தோட்டத்தில் மருந்தடிக்கிற சோலைமலை, லோஜினிக்குச் சித்தப்பா முறை, பீலிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்த சுதாகரனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம் மாப்புள, ஓடையில கொசுவாம்ல? வெள்ளக்காரன ஒன்னு கடிச்சா போதும், பேஸ்புக்குல போட்டு நாறடிச்சிருவான்."

"அது கடிக்காது மாமா. அது நம்ம கொசு."

"கொசுவுல என்னய்யா நம்ம கொசு, அடுத்தவன் கொசு!" என்று சோலைமலை சிரித்தார். சுதாகரனும் சிரித்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை இம்தியாஸ் நானா அவனை வேனில் நுவரெலியாவுக்கு அனுப்பினார். மார்ட்டினைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். போக, அவர் சாமான் வாங்க, வர, பொழுது சாய்ந்துவிட்டது. மனுசர் வழியெல்லாம் கசத்தைப் பற்றியே கேட்டார். பூச்சி வந்ததா? மீன் எழும்பியதா? தன் தத்துப்பித்து இங்கிலீசில் சுதாகரன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். மார்ட்டின் அவன் கட்டின முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, இந்த உடம்பு என்ன நூல் என்று கேட்டார். "மை வைஃப், சேர்," என்றான். மார்ட்டின் சிரித்தபடி அதைத் தொப்பியில் குத்திக்கொண்டார். விடியற்காலையில் கிளம்பவேண்டும் என்பதால் அன்றைக்கு அவன் பங்களாவிலேயே தங்கிவிட்டான். வீட்டுப்பக்கமே போகவில்லை.

காலையில் இருவரும் ஓடைக்கு இறங்கினார்கள். பனி இன்னும் போகவில்லை. ஒற்றையடிப் பாதையில் பத்தடி போனதும் சுதாகரன் நின்றுவிட்டான்.

பாதையின் இரண்டு பக்கக் கல்லுக்கும் வெள்ளையடித்திருந்தது.

தோட்டத்தில் பழகினவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். பெரியதொரை வந்தால், கொழும்பிலிருந்து கம்பனி ஆள் வந்தால், முதல் நாள் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். வருகிறவரின் கண்ணுக்கு மலை பளிச்சென்று இருக்கவேண்டும். அது மரியாதை.  இதை யார் செய்தார்கள்? எது வரைக்கும் செய்தார்கள்?

கால் தானாக வேகமெடுத்தது. ஓடைக்கரையில் பன்னச் செடி இல்லை, புல் இல்லை, மொட்டையடித்த தலை மாதிரி கிடந்தது. கசத்தோரத்துப் பாறைகளில் பாசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் ஏறியது. கரையில் பதினைந்து இருபது பேர் வரிசையாக நின்றார்கள். சோலைமலை மருந்தடிக்கிற பம்பைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். வேலாயி நின்றாள். நடுவில் லோஜினி, தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையில்.

அவன் கசத்தைப் பார்த்தான். முதல் வெயில் விழுந்த தண்ணீரில் ஊதாவும் மஞ்சளும் சிவப்புமாக வளையம் வளையமாகச் சுழன்றது. ஒயில்.

"எப்புடி மாப்புள நம்ம வேல?" சோலைமலை நெஞ்சை நிமிர்த்தினார். "லொறியில கழிச்சுப்போட்ட ஒயிலு, ஸ்டோர்ல கேட்டு வாங்கியாந்தேன். டெங்குக் கூட்டத்துல சொல்லிக் குடுத்தாங்கல்ல, தேங்குன தண்ணியில ஒயில் ஊத்துனா கொசு மூச்சடைச்சுச் செத்துரும்னு. ஒன்னு மிச்சமில்ல!"

லோஜினி அவன் பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் முகம் கொள்ளாத சந்தோசம். "நேத்துப் பூராச் சிரமதானங்க. நாந்தான் வீடு வீடாப் போயிக் கூப்புட்டேன். யாரும் மலைக்குப் பேர் போடப் போகல, ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு எல்லாரும் ஒங்களுக்காக வந்தாங்க. இப்பப் பாருங்க, நெசக் கொசு ஒன்னுகூட இல்ல. மீனு பசியோட இருக்கும். நீங்க போட்டதும் கவ்வும் பாருங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருக்கிறோம். தாழியை ஆசையாகத் துலக்கித் துலக்கியே உடைத்த கதையை எங்கே போய்ச் சொல்ல?  சுதாகரனுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அவள் கையைப் பார்த்தான். பிளீச்சிங் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. இந்தக் கையைப் பார்த்துக் கத்த அவனுக்கு எங்கிருந்து வாய் வரும்?

"நல்லாருக்கு," என்றான்.

மார்ட்டின் தண்ணீரோரத்தில் குந்தி, ஒரு விரலை நனைத்து, முகர்ந்து பார்த்தார். "என்ன நடந்தது இங்கே?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"கிளீன், சேர். ஃபோர் யூ." அதற்கு மேல் அவனிடம் இங்கிலீசும் இல்லை, தமிழும் இல்லை.

மார்ட்டின் வரிசையாக நிற்கிற முகங்களைப் பார்த்தார். வெள்ளையடித்த கல்லைப் பார்த்தார். நல்ல மனுசர். எழுந்து, எல்லாருக்கும் கைகூப்பி ஒரு வணக்கம் வைத்தார். சனத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொப்பியில் குத்தியிருந்த முள்ளை எடுத்து நைலான் இழையில் கட்டினார். மீன் எழும்பாது என்று அவருக்கும் தெரியும். இவனுக்காக வீசினார்.

முள் போய் ஒயிலில் உட்கார்ந்தது. லோஜினியின் முடி ஒயிலைக் குடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. திரும்ப எடுத்து, துணியில் துடைத்து, திரும்ப வீசினார். சனம் மூச்சுப் பிடித்து நின்றது. யாரோ இருமியதற்குச் சோலைமலை, "உஸ்! மீனு கலைஞ்சிரும்," என்று அதட்டினார். நேற்று முழுக்க இருபது பேர் இறங்கிக் கும்மாளமடித்த கசம்! வெயில் ஏறியது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு மிச்சு இல்லை, ஒரு வளையம் இல்லை. சுதாகரன் கோலைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை. லோஜினியின் இரண்டு உதடும் முணுமுணுப்பதையே பார்த்துக்கொண்டு நின்றான். முருகா முருகா என்கிறாள்.

திடீரென்று அவள், "அந்தா! மீனு! மீனு வந்திருச்சு!" என்று கத்தினாள்.

கசத்தின் கடைசியில், கரையோரத்து டர்பன் மரத்தின் வேர்கள் தண்ணீரில் தொங்குகிற இடத்தில், வெள்ளையாக ஒன்று மின்னியது. சனம் கைதட்டியது. வேலாயி குலவை போட்டாள். சுதாகரனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மீன் முதுகைக் காட்டித்தான் எழும்பும், வயிற்றைக் காட்டி எழும்பாது.

சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கினான். இடுப்பளவு குளிர். கரைக்கு முதுகைக் காட்டி, அவள் கண்ணுக்கும் அந்த மீனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். நல்ல மீன், முழங்கை நீளம், உடம்பெல்லாம் புள்ளி. செவுள் இன்னும் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்திப் பார்த்தான், சாய்ந்தது. திரும்பவும் நிமிர்த்தினான், திரும்பவும் சாய்ந்தது. "தாயே, நீயாச்சும் ஒருக்காப் போயேன்," என்று கெஞ்சினான். அது போகவில்லை. கடைசியில் வேருக்கடியில் அதைச் செருகி, ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினான்.

"என்னாங்க அது?" லோஜினி கரையிலிருந்து கேட்டாள்.

"மீனில்ல. டர்பன் மர எல."

மார்ட்டின் மீனைப் பார்த்துவிட்டார். கோலை மடக்க ஆரம்பித்தார்.

மேலே போய் மீன் தேடலாம் என்றால் ஓடை அருவியாக விழுகிறது, அங்கே மீன் கிடையாது. கீழே போனால் மரக்கறித் தோட்டத்து மருந்துத் தண்ணீர். கசம் ஒன்றுதான் இருந்தது. அந்தத் தண்ணீர் தேறுவதற்குச் சில வருசமாவது ஆகும் என்றார் மார்ட்டின், பங்களாப் படியேறும்போது. யார் மேலும் தனக்குக் கோபமில்லை என்றார். சுதாகரனின் தோளில் கைவைத்து, ஐ ஆம் சாரி, ஐ ஆம் சாரி என்று இரண்டு தடவை சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் வேனில் ஏறிப் போய்விட்டார்.

இம்தியாஸ் நானாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "எவன் சுதாகரன் அந்த ஒயில ஊத்தின? பேரச் சொல்லுங்க, தோட்டத்து ஒபிசுக்கு இப்பவே போன் எடுக்கிறன்!"

"தெரியல நானா."

"ஒங்கட பொழப்பில மண்ணள்ளிப் போட்டிரிக்கி, தெரியாது எண்டு நிக்கிறீங்களே!"

"தெரியல நானா," என்றான் திரும்பவும்.

வீட்டுக்கு நடந்தான். லயத்தில் முகமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. சோலைமலை இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அவன் காதில் விழும்படியே சொன்னார்: "அத்தன பேரும் முதுகு ஒடியப் பாடுபட்டுக் கசத்தக் கண்ணாடியா வச்சுக் குடுத்தோம். ஒரு மீனப் புடிச்சுக் குடுக்கத் துப்பில்ல. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்." சுதாகரன் தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டிப் போனான். திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது மனுசனுக்கும் வலிக்கும், அதைவிட அவர் மகள் முறைக்காரி லோஜினிக்கு வலிக்கும்.

லோஜினி பச்சைச் சேலையை மாற்றி மடித்து வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கொசுவாச்சும் மிச்சம் இருந்துச்சாங்க?"

"இல்ல லோஜி. ஒன்னுகூட இல்ல."

"அப்பறம் ஏங்க வரல?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்லிவிடலாம். கொசு மாதிரிதான் லோஜி, கொசு இல்ல. அது இருந்தாத்தான் மீனு வரும். அன்னிக்கு நீ கேட்டப்போ எம் பல்லுல ஒம் முடி இருந்துச்சு. இவ்வளவுதான், சொல்லி முடிக்க ஒரு மூச்சு ஆகாது. சொன்னால் என்ன ஆகும்? கசம் திரும்புமா, மார்ட்டின் திரும்புவாரா? அவள் போகத்தான் போகிறாள். குவைத்துக்கு ஒரு பெட்டியோடு போகிறவள், இதையும் தலையில் தூக்கிக்கொண்டு போவாள். அடுத்தவன் வீட்டுத் தரையைத் துடைக்கும்போதெல்லாம் இந்தப் பாறையைத் துடைத்தது நினைவுக்கு வரும். நாமே கெடுத்தோம், நாமே கெடுத்தோம் என்று அங்கே தனியாகக் கிடந்து அழுவாள். தேற்றுவதற்கு ஒரு நாதி இருக்காது.

"தண்ணி ரொம்பக் குளிரு," என்றான். "நமக்கு அம்புட்டுத்தான் கொடுத்து வச்சது."

"நீங்க நல்லாத்தான் கட்டுனீங்க," என்று அவள் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். அவனுக்கு! அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீலிப்பக்கம் பார்த்தான்.

சாயங்காலம் போன் அடித்தது. லோஜினி அதைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்லட்டும் என்று அடிக்க விட்டுக்கொண்டே பார்த்தாள்.  போனைக் காதில் வைத்து, "வர்றேங்க," என்றாள்.

கிளம்புகிற அன்றைக்கு விடியலிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, இஸ்தோப்பில் வெயிலில் உட்கார்ந்து நிதானமாகத் தலைவாரினாள். அப்புறம் மகளுக்கு வாரிவிட்டாள். பிள்ளை அழவில்லை, அம்மா டவுனுக்குப் போகிறாள் என்றுதான் அதனிடம் சொல்லியிருந்தார்கள். அட்டனுக்குப் போகிற வேன் லயத்து முனையில் வந்து ஹார்ன் அடித்தது. சுதாகரன் பெட்டியைத் தூக்கினான்.

"நில்லுங்க," என்று அவன் கையைப் பிடித்து விரித்து, பேப்பரில் சுற்றின ஒன்றை வைத்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. பிரித்தான். முடி. இத்தனை நாளும் சீப்பில் சிக்கினதையெல்லாம் சிக்கெடுத்து, ஒன்று சேர்த்து, உருண்டையாகச் சுருட்டி வைத்திருந்தாள்.

"ரெண்டு வருசத்துக்குத் தாங்கும். வெள்ளக்காரரு திரும்ப வருவாரு, நீங்க கட்டிட்டு இருங்க. அவரு வர்றதுக்கு மொத நாளு மட்டும் மறந்திராம சோலைமலைச் சித்தப்பாகிட்டச் சொல்லிருங்க, கசத்துல கொசு இல்லாமப் பாத்துக்குவாரு."

"சரி லோஜி," என்றான் சுதாகரன். "சொல்லிர்றேன்."